ரொட்டிக்கடை வீட்டுக் குளவிக்காரர்

குளவிக்காரர் என்ற பேரை ரொட்டிக்காரம்மா முதன்முதலாகக் கேட்டபோது அவளுடைய கைகள் இரண்டும் முழங்கை வரைக்கும் மாவுக்குள் இருந்தன. மகள் கல்லாவை விட்டு எழுந்து உள்ளே வந்து, ஆறப்போட்டிருந்த பன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி, மறுபடியும் அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, குளவிக்காரர்னு ஒருத்தர் இருக்கார்."

"அவர் எதுக்கு இப்போ? நம்ம வீட்லதான் குளவிக்கூடு ஒண்ணும் இல்லையே."

"கூட்டைக் கலைக்கிறவர் இல்லம்மா. குளவி வளர்க்கிறவர்."

"வளர்க்கிறாரா? அதை எதுக்கு வளர்க்கணும்?"

"சம்பளத்துக்குத்தான். மாசாமாசம் ஒழுங்கா வருதாம்."

ரொட்டிக்காரம்மா கையை மாவிலிருந்து உருவிக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒருவனுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா இல்லையா என்று எந்தப் பெண்ணும் தாயிடம் வந்து சொல்ல மாட்டாள். விஷயம் பன்னைத் திருப்புகிற கட்டத்தையெல்லாம் தாண்டிப் போய்விட்டது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் ஆளே வந்து நின்றார். ஒல்லியான உடம்பு, அதிலும் இடுப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். குளவி என்று பேர் வைத்தவன் தொழிலைப் பார்த்து வைத்தானா இடுப்பைப் பார்த்து வைத்தானா என்று ரொட்டிக்காரம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. அவள் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் யார் யாருக்கு என்ன முறை, யார் வீட்டில் யார் வாழ்க்கைப்பட்டார்கள் என்று கேட்டால் மூன்று தலைமுறைக்கு மூச்சுவிடாமல் சொல்வாள். அதனால் வந்தவரை உட்கார வைத்ததும் வேரிலிருந்தே பிடித்தாள்.

"அப்பா என்ன பண்றாருங்க?"

"அப்பா இல்லைங்க. தாத்தா உண்டு. அம்மாவோட அப்பா. அவர்தான் வளர்த்தார்."

அதோடு முடிந்துவிட்டது. இழுத்துப் பார்க்க அந்தப் பக்கம் வேறு கிளையே இல்லை. மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிக் குறை சொல்ல ஒரு ஆள்கூடக் கிடைக்காத கல்யாணம் அது ஒன்றுதான்.

கல்யாணம் முடிந்து, வேறு வீடு கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லி, கடைக்கு மேலே இருந்த மாடியறையில் இருவரும் குடிவந்தார்கள். கீழே முன்பக்கம் கடை, அதற்குப் பின்னால் அடுப்பு, அதற்கும் பின்னால் மூட்டைகள் அடுக்கிய மாவு அறை. மாவு அறைக்குப் பக்கத்திலேயே கொல்லைக் கதவு, அங்கிருந்து மாடிப்படி. ரொட்டிக்காரர் வாய் திறந்து பேசுகிறவர் இல்லை. இடுக்கியால் தட்டைத் தூக்குவார், அதையே சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பேசுகிறவர்கள் தாயும் மகளும், பிறகு ரொட்டிக்காரம்மாவின் தம்பி. மூன்று சக்கர வண்டியில் ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிறவன் என்பதால் அவனுக்கு வண்டித்தம்பி என்று பேர்.

மாப்பிள்ளைக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. ஒரு கதவைச் சாத்தாமல் இன்னொரு கதவைத் திறக்க மாட்டார். கையில் சூடான தட்டோடு ஆள் நின்றாலும் முதல் கதவு சாத்தப்பட்ட பிறகுதான் இரண்டாவது திறக்கும். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் கொல்லைக் கதவருகே நின்று சட்டையைக் கழற்றி நன்றாக உதறி, கால்சட்டையையும் தட்டிவிட்டுத்தான் படியேறுவார். பூச்சி எதுவும் மேலே படுக்கைக்கு வந்துவிடக் கூடாதாம். எவ்வளவு சுத்தமான பிள்ளை என்று ரொட்டிக்காரம்மாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வந்த புதிதில் ஒரு நாள் சாப்பிடும்போது வண்டித்தம்பி கேட்டான். "மாப்பிள்ளை, அப்படி என்னதான் குளவி அது?"

தன் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் குளவிக்காரருக்கு முகம் மலர்ந்துவிடும். "எல்லாம் ஒட்டுண்ணி மாமா. தனக்குன்னு கூடு கட்டாது. இன்னொருத்தர் இருக்கிற இடத்துக்குப் போய், அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே பிள்ளைகுட்டியும் பெத்துக்கும்."

மாமியார் வீட்டுத் தட்டில் மாமியார் வீட்டு ரொட்டியை வைத்துக்கொண்டு அவர் அதைச் சொன்னார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று ரொட்டிக்காரம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மாப்பிள்ளை நல்லா விவரமாத்தான் சொல்றார்" என்றான் வண்டித்தம்பி. "அனுபவம் பேசுது."

அன்றிலிருந்து அவன் வாயில் மாப்பிள்ளைக்குப் பேர் ஒட்டுண்ணி. குளவிக்காரர் கோபப்படவில்லை. நல்ல ஒட்டுண்ணிக்கு ஊரில் எவ்வளவு மரியாதை தெரியுமா, பயிரில் விழுகிற புழுவை ஒழிக்க விவசாயிகள் வரிசையில் நின்று வாங்கிப் போகிறார்கள் என்று பதில் சொன்னார். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீட்டில் ஒரு நாள் விடுதியிலிருந்து ஒரு ரொட்டி திரும்பி வந்தது. கடைக்குப் பெரிய வாடிக்கை அந்த விடுதிதான். ரொட்டியைப் பிய்த்தால் உள்ளே மெல்லிசாக நூல். ரொட்டிக்காரர் மாவு அறைக்குப் போய் மூட்டையைப் பிரித்தார். மாவு கட்டி கட்டியாக நூல் கோத்துக் கிடந்தது. இன்னொரு மூட்டையைத் தட்டியதும் சாம்பல் நிறத்தில் அந்துப்பூச்சிகள் எழும்பி அவர் மீசையில் உட்கார்ந்தன.

அன்று சாயங்காலம் ரொட்டிக்காரர் பேசினார். அதனாலேயே எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது.

"மாப்பிள்ளை, குளவிக்குத் தீனி என்ன போடுவீங்க?"

"புழு, மாமா."

"என்ன புழு?"

"அந்துப்புழு."

"அந்தப் புழு எங்க இருந்து வருது?"

"எங்க குளவிப் பண்ணையில இன்னொரு அறை இருக்கு. அங்க தட்டுல தானியம் போட்டு அந்து வளர்ப்போம். ஆனா மாமா, அந்து எல்லா மில்லுலயும் உண்டு. மூட்டையோடவே வந்திருக்கலாம்."

"பத்தொன்பது வருஷமா அதே மில்லு. இத்தனை வருஷம் வரலை." ரொட்டிக்காரர் இடுக்கியை மேசைமேல் வைத்தார். "விடுதியில இன்னொரு தடவை பார்த்தா வேற கடைக்குப் போயிடுவோம்னு சொல்லிட்டாங்க. அடுத்த லோடு மாவு வர்றதுக்குள்ள ஒண்ணு அந்து போகணும். இல்லன்னா அந்து வளர்க்கிறவங்க போகணும்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. மகள் எழுந்து பரணிலிருந்து தன் பெட்டியை இறக்கிக் கூடத்தின் நடுவில் வைத்தாள். "அவர் போனா நானும் போறேன்" என்றாள். அவளும் அப்பா பெண்தான், ஒரே பேச்சு. மகள் போய்விட்டால் அந்த வீட்டில் ரொட்டிக்காரம்மாவோடு பேச அடுப்பு ஒன்றுதான் மிச்சம்.

மறுநாள் துணி துவைக்கும்போது மாப்பிள்ளையின் கால்சட்டையின் அடிமடிப்பை விரித்தாள். உள்ளே தானியத் தூசி, தூசிக்குள் நூல், நூலுக்குள் அரிசி நிறத்தில் ஒரு புழு சுகமாகப் படுத்திருந்தது. அடுத்த காலில் இன்னும் இரண்டு. மாவு அறை வாசலில் தினமும் அவ்வளவு ஒழுக்கமாக உதறிய பிள்ளை, உதறியது எதை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்துக் கொஞ்சம் உடைத்த தானியம் போட்டு, புழுக்களை உள்ளே விட்டு, கெட்டித் துணியால் வாயைக் கட்டினாள். அடுத்தடுத்துத் துவைத்தபோது மடிப்பில் கிடைத்ததையும் அதிலேயே போட்டாள். இரக்கப்பட்டு என்று நினைத்துவிட வேண்டாம். என்றைக்காவது மாப்பிள்ளைக்கு வாய் நீண்டால் எடுத்துக் காட்டலாம் என்றுதான். ஜாடி மாடியில் பழைய தகரத் தட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

மாப்பிள்ளையை மட்டும் தனியாகக் கூப்பிட்டு மடிப்பைக் காட்டினாள்.

குளவிக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "அத்தை, நான்தானா?"

"மெதுவாப் பேசுங்க. மாமா காதுல விழுந்துடப்போகுது. இப்போ என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

"குளவியைக் கொண்டு வர்றேன்."

"ரொட்டிக்கடைக்குள்ள குளவியா?"

"எறும்பு அளவுதான் அத்தை. மனுஷரைக் கொட்டாது. புழுவைத் தேடித்தான் போகும்."

பண்ணை மேனேஜரம்மா, நெற்றிக்கு மேலே கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர், வலைமூடி போட்ட ஒரு பெட்டி நிறையக் குளவி கொடுத்தார். கூடவே ஒரு கட்டளையும் போட்டார். பண்ணையில் அந்து அறை, குளவி அறை என்று இரண்டு. அந்து அறையிலிருந்து குளவி அறைக்குப் போகலாம். குளவி அறையிலிருந்து அந்து அறைக்குப் போகவே கூடாது. ஒரே ஒரு பெண் குளவி உள்ளே நுழைந்தால் போதும், அந்து அறை காலி. இனி உன் வீடும் குளவி அறைக் கணக்குத்தான், அந்து அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று சொல்லி அனுப்பினார்.

கெட்ட மூட்டைகளை அப்புறப்படுத்தி, மிச்சத்தைச் சலித்து, மூலைமுடுக்கெல்லாம் பெருக்கி, பெட்டியை மாவு அறை அலமாரியில் வைத்துத் திறந்தார்கள். அதற்குப் பிறகு மாமியாரும் மாப்பிள்ளையும் பொழுது சாய்ந்தால் இரண்டு முக்காலியைப் போட்டு அங்கே உட்கார்ந்துவிடுவார்கள்.

"இதுங்களுக்கு என்ன பேர் மாப்பிள்ளை?"

"பிரக்கான், அத்தை."

"சொந்தப் பேரா, குடும்பப் பேரா?"

குளவிக்காரர் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. "குடும்பப் பேர்தான். பிரக்கான்ங்கிறது பெரிய வகையறா. பங்காளிங்க நிறைய. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு இடம். சிலது காய்க்குள்ள இருக்கிற புழுவைத் தேடும். சிலது மரத்தைத் துளைச்சுக்கிட்டு உள்ள கிடக்கிற புழுவை வெளியில நின்னே கண்டுபிடிச்சுக் குத்தும். இவங்க தானியத்துப் பக்கம். அந்துப்புழு எங்க நூல் கட்டுதோ அங்க வந்துடுவாங்க."

"அப்ப நமக்குச் சம்பந்தி முறை. குத்தினதும் புழு செத்துடுமா?"

"உடனே சாகாது. அசைய முடியாமக் கிடக்கும். அதுமேல முட்டை வைக்கும். குஞ்சுங்க மேல உட்கார்ந்துக்கிட்டே உறிஞ்சிக் குடிச்சு வளரும். ஆனா இந்தப் பெண் குளவி இருக்கே, எதிர்ல பார்த்த புழுவையெல்லாம் குத்தும். முட்டை வைக்கிறது ஒண்ணு ரெண்டுலதான்."

"மீதியை எதுக்குக் குத்துது?"

"சும்மாதான்."

"எங்க பெரிய நாத்தனார் இப்படித்தான்" என்றாள் ரொட்டிக்காரம்மா.

இன்னொரு நாள் அவர் சொன்னதைக் கேட்டு அவளே அசந்துபோனாள். இந்த வகையறாவில் ஆண் குளவிக்கு அப்பா கிடையாதாம். ஆணின் விந்து சேராத முட்டையிலிருந்து ஆண், சேர்ந்த முட்டையிலிருந்து பெண். பெண் பிறக்கத்தான் அப்பா வேண்டும். ரொட்டிக்காரம்மா விரலை மடக்கி மடக்கி முறை போட்டுப் பார்த்தாள். அவள் அறிவுக்கு எட்டிய எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு கணக்கு வந்ததில்லை.

"ஆனா அவன் அம்மாவுக்கு அப்பா உண்டே."

"உண்டு."

"அப்ப அவனுக்கு அப்பா இல்லை. தாத்தா உண்டு."

ரொட்டிக்காரம்மா மடக்கிய விரலோடு மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானும் முதல்ல படிச்சப்போ சிரிச்சேன் அத்தை" என்றார் குளவிக்காரர்.

அடுத்த லோடு மாவு வருவதற்குள் மூட்டையைத் தட்டினால் பறக்க ஒன்றும் இல்லை. ரொட்டிக்காரர் ஒவ்வொரு மூலையிலும் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் தட்டில் ஓரம் நன்றாகச் சிவந்த ரொட்டியாகப் பார்த்து வைத்தார். அந்த வீட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. மகளின் பெட்டி பரணுக்கு ஏறியது.

இத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பெட்டி இருந்ததே, குளவி வந்த பெட்டி. அதைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவி நானே எடுத்துப் போகிறேன் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். ரொட்டிக்காரம்மா அதை ஈரத்துணியால் துடைத்தாள், கண்ணாடிபோல இருந்தது. இவ்வளவு பெரிய உதவி செய்தவர்களுக்கு வெறும் பெட்டியைத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. காகிதம் விரித்து, இளஞ்சூட்டில் பன்களை அடுக்கி, மூடியைப் போட்டு, போகிற வழிதானே என்று தம்பியிடம் கொடுத்துவிட்டாள். வண்டித்தம்பி பண்ணையில் கண்ணில் பட்ட முதல் கதவைத் தட்டினான். அது அந்து அறை. அங்கே வேலை செய்த பெண்கள் பெட்டியைத் தட்டுகளுக்கு நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து தின்றார்கள். பெட்டியும் அங்கேயே இருந்துவிட்டது.

மூடியின் விளிம்புக்கு அடியில், துணி நுழையாத இடுக்கில், வெள்ளை வெள்ளையாகக் கூடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து என்ன வெளியே வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நாளில் அந்து அறைத் தட்டுகளில் புழுக்கள் அத்தனையும் கை கால் விளங்காதவைபோலக் கிடந்தன. அந்து இல்லையென்றால் குளவிக்குத் தீனி இல்லை. குளவி இல்லையென்றால் பண்ணையே இல்லை.

மேனேஜரம்மா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாராம், "இது யார் வீட்ல இருந்து வந்தது?"

"எங்க வீட்ல இருந்துதான்" என்றாராம் குளவிக்காரர். அத்தை வீடு என்றோ மாமனார் கடை என்றோ அவர் சொல்லவில்லை.

வெளியிலிருந்து அந்து வாங்கி, இந்தத் தானியத்துக்குப் பழக்கி, அறையை நிரப்ப மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வேலை கிடையாது, யாருக்குமே கிடையாது என்று மேனேஜரம்மா சொல்லிவிட்டார். குளவிக்காரர் வீட்டுக்கு வந்து, கொல்லைக் கதவருகே பழக்கத்தில் சட்டையைக் கழற்றப் போய், அப்படியே நின்றுவிட்டார்.

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பன் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னுதானே சொன்னாங்க" என்றான் வண்டித்தம்பி. தமக்கை பார்த்த பார்வையில் மீதி ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டான்.

"வேற ஊர்ல ஒரு பண்ணை இருக்கு" என்றார் குளவிக்காரர் தட்டைப் பார்த்தபடி. "அங்க கேட்டுப் பார்க்கிறேன். வேலை இல்லாம இங்க உட்கார்ந்து சாப்பிட்டா நிஜமாவே ஒட்டுண்ணிதான்."

அன்று முதல் தடவையாக அந்த வார்த்தைக்கு யாரும் சிரிக்கவில்லை. மகள் எழுந்தாள். பரண் பக்கம்தான் போகிறாள் என்று பார்க்காமலே எல்லோருக்கும் தெரிந்தது. பெட்டி மறுபடியும் கூடத்துக்கு வந்தது.

ரொட்டிக்காரம்மாவுக்கு ஜாடி ஞாபகம் வந்தது. சும்மா ஞாபகமா, அதற்குத் தினமும் தானியம் போட்டுக்கொண்டிருந்தவள் அவள்தானே. புழு பூச்சியாகி, பூச்சி முட்டை வைத்து, முட்டை மறுபடி புழுவாகி, ஜாடி கொள்ளாமல் பெரிய குடும்பமாகிவிட்டிருந்தது. அதுவும் பண்ணை அந்து, பண்ணைத் தானியத்துக்குப் பழகிய வம்சம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்து அறை பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஜாடியை வெளியே எடுத்தால் மாவில் விழுந்த அந்து யாருடையது என்று கணவருக்குத் தெரிந்துவிடும். எடுக்காவிட்டால் மகள் வேறு ஊருக்குப் போவாள். எடுத்தால் மாப்பிள்ளையை அவரே அனுப்பிவிடுவார், மகளும் கூடப் போவாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தப் பெட்டி கூடத்தில்தான் கிடந்தது.

அவள் மாடிக்குப் போய் ஜாடியைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். உள்ளே சாம்பல் இறக்கைகள் படபடத்தன.

ரொட்டிக்காரர் குனிந்து பார்த்தார். "எங்க இருந்து வந்தது?"

"மாப்பிள்ளை கால்சட்டை மடிப்புல இருந்து."

"அப்ப நம்ம மாவுல இருந்தது?"

"இதுங்களோட அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிங்கதான்."

குளவிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ரொட்டிக்காரர் ஜாடியை ஒரு சுற்றுச் சுற்றினார். தானியம் புதிதாக இருந்தது, துணி சுத்தமாக இருந்தது. ஓரத்தில் அவர் கடை ரொட்டியின் தூள்கூடக் கிடந்தது.

"இத்தனை நாள் இதுக்குத் தீனி போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்ப இந்த வீட்ல அந்து வளர்த்தது நீ."

"ஆமா. அந்து வளர்க்கிறவங்க போகணும்னு நீங்கதானே சொன்னீங்க. பெட்டி கூடத்துலதான் இருக்கு. எங்க போகணும்னு சொல்லுங்க, போறேன்."

ரொட்டிக்காரர் ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். அதை விழுங்குகிற வரைக்கும் யாரும் கையை அசைக்கவில்லை.

"நீ போயிட்டா காலையில மாவு பிசையறது யாரு?"

"அதை நீங்கதான் யோசிக்கணும்."

யோசித்தார். பிறகு வண்டித்தம்பியைப் பார்த்து, "அந்தப் பெட்டியைப் பரண்ல ஏத்து. சும்மா சும்மா ஏத்தி இறக்கினா பூட்டு உடைஞ்சிடும்" என்றார். மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நாளைக்கு இந்த ஜாடியை உங்க மேனேஜரம்மாகிட்ட கொடுங்க. இனிமே சட்டையைத் தெருவுல உதறுங்க."

"சரி மாமா."

"பெட்டி, ஜாடி எதையும் இவகிட்ட கொடுக்காதீங்க."

அந்து அறை அந்த ஜாடியிலிருந்துதான் மறுபடி முளைத்தது. மேனேஜரம்மா ஜாடியைத் திருப்பிக் கொடுத்தபோது அது கனத்தது. உள்ளே தானியமும், தானியத்துக்குள் புழுவும். எனக்கும் வெறும் ஜாடியைக் கொடுக்க மனசு வரவில்லை, இன்னொரு தடவை அறை காலியானால் விதைக்கு வேண்டும், ரொட்டிக்காரம்மா பத்திரமாக வைத்திருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஜாடி வாயை இரண்டு துணி போட்டு ரொட்டிக்காரரே கட்டினார்.

அடுத்த வருஷம் மகளுக்குப் பெண் பிறந்தது. "பெண் பிறக்கத்தான் அப்பா வேணும்னு சொன்னீங்களாமே, ஒட்டுண்ணியும் ஒரு வேலை செஞ்சிருக்கு பாருங்க" என்றான் வண்டித்தம்பி. குளவிக்காரர் குழந்தையைக் கையில் வாங்குவதற்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சட்டையை உதறிவிட்டு வந்தார்.

குளவிக்காரர் இப்போது பண்ணையில் குளவி அறைக்குப் பொறுப்பாளராக இருக்கிறார். மனைவியோடும் மகளோடும் ரொட்டிக்கடைக்கு மேலே அதே மாடியறையில் குடியிருக்கிறார். வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.